மண்டபத்தில் எழுதித் தருகிறவர்கள்

குசேலோபாக்கியானம் என்று ஒரு நூல் உண்டு. கண்ணனின் பால்ய சிநேகிதன் குசேலன் அவல் முடிந்துகொண்டு துவாரகைக்குப் போன கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்டது. பழைய நூல் பட்டியல் எதை எடுத்தாலும் ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் வல்லூர் தேவராசப் பிள்ளை என்று பார்க்கலாம். பெங்களூர்க்காரர், வசதியானவர், தமிழ் மேல் தீராத ஆசை உள்ளவர். ஒரே ஒரு சிக்கல். அந்த நூலை எழுதியவர் அவரில்லை.

எழுதியவர் அவருடைய ஆசிரியர், திருச்சிராப்பள்ளி மீனாட்சிசுந்தரம் பிள்ளை. நம்ம ஊர்க்காரர் என்று கொஞ்சம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். 1815-ல் பிறந்தவர், திருச்சிக்கு மேற்கே அதவத்தூர் பக்கம் வளர்ந்தவர், மலைக்கோட்டையைச் சுற்றியிருந்த தெருக்களில் இருந்துகொண்டு பாடம் சொன்னவர். உறையூருக்குத் தலபுராணம் பாடியவர். பின்னாளில் மாயூரத்துக்கும் திருவாவடுதுறைக்கும் போனார். 1871-ல் அவரிடம் மாணவராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், தன் வாழ்வின் கடைசிப் பத்தாண்டில், 1933, 34-ல் ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகமாக வெளியிட்டார். அதில்தான் இந்த விஷயத்தைப் போட்டு உடைக்கிறார். ஆசிரியர் பாடிய நூல் மாணவர் பெயரில் வெளிவந்தது என்று.

'போட்டு உடைக்கிறார்' என்று நான் எழுதுவது இன்றைய பார்வையில். உ.வே.சா.வின் தொனியில் குற்றச்சாட்டே கிடையாது. ஆசிரியரின் பெருந்தன்மைக்கு ஓர் உதாரணம், அவ்வளவுதான். பிள்ளைக்குக் கவிதை என்பது தண்ணீர் மாதிரி வரும். யார் கேட்டாலும் கொடுப்பார். கேட்டவர் தன்னை ஆதரித்த மாணவர். கொடுத்துவிட்டார்.

இதை இன்றைய பல்கலைக்கழக மொழியில் சொல்லிப் பாருங்கள். வசதியான ஆய்வு மாணவர் ஒருவர், தன் நெறியாளரே எழுதிக் கொடுத்த ஆய்வேட்டைத் தன் பெயரில் சமர்ப்பித்துவிட்டார். நெறியாளருக்கு மாணவரிடமிருந்து உதவிகளும் கிடைத்தன. நாளிதழில் நான்கு பத்திச் செய்தி. விசாரணைக் குழு. இரண்டு பேருக்கும் வேலை போகும்.

ஒரு நூற்றாண்டில் பெருந்தன்மையாக இருந்தது இன்னொன்றில் குற்றமாக எப்படி மாறியது என்பதுதான் என்னைக் கொஞ்ச நாளாகக் குடையும் கேள்வி. 'அந்தக் காலத்தில் நமக்குக் காப்புரிமை உணர்வே கிடையாது, எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது' என்று ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஏனென்றால் நன்னூலைத் திறந்தால் முதலில் வருவதே பாயிரம். ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று அது பட்டியல் போடுகிறது. ஆக்கியவன் பெயர் முதலாவது. இரண்டாவது 'வழி', அதாவது எந்த நூலின் வழியாக இது வந்தது என்பது. அப்புறம் எல்லை, நூலின் பெயர், யாப்பு, பொருள், கேட்போர், பயன். யார் எழுதியது, எங்கிருந்து எடுத்தது என்பவை தலைவாசலிலேயே நிற்கின்றன. தொல்காப்பியம் இன்னும் முன்னால் போய், முதல்நூல் வேறு, வழிநூல் வேறு என்று பிரித்து, தொகுப்பது, விரிப்பது, இரண்டும் கலப்பது, மொழிபெயர்ப்பது என வழிநூலுக்கு நான்கு வகையும் சொல்லிவிட்டது. மொழிபெயர்ப்பைத் தனி வகையாக அடையாளப்படுத்தும் ஒரு மரபைப் பார்த்து, அதற்கு மூலம் பற்றிய கவலையே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொரு சங்கதியும் உண்டு. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியர் தானே எழுதிக்கொள்ளக் கூடாது. அவருடைய ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணவரோ, உரைகாரரோ எழுத வேண்டும். தற்புகழ்ச்சியைத் தவிர்க்கத்தான் இந்த விதி. ஆனால் எனக்கு இது சாட்சிக் கையெழுத்து மாதிரித் தெரிகிறது. 'இவரை எனக்குத் தெரியும், இது இவர் செய்தது' என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொல்கிறார். இன்றைக்கு ஆய்வேட்டின் முன்பக்கத்தில் நெறியாளர் போடும் சான்றிதழ் ஏறத்தாழ அதே வேலையைத்தான் செய்கிறது.

சாட்சி சொல்ல வேண்டிய ஆசிரியரே எழுதிக் கொடுத்துவிட்டால்? அங்கேதான் குசேலோபாக்கியானம் வந்து நிற்கிறது. விதி இல்லாமல் இல்லை. விதியைக் காக்க வேண்டிய ஆள் பிரியத்தில் கைநழுவ விட்டார்.

நம் மக்களுக்கும் இது உள்ளூரத் தெரியும். தருமி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அவன் ஏழைப் பிள்ளை, இறைவன் எழுதிக் கொடுத்த பாட்டைக் கொண்டுபோய்ப் பொற்கிழி கேட்கிறான். புராணத்தில் நக்கீரர் கிளப்புவது பொருட்குற்றம். ஆனால் 1965-ல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கியபோது, நாகேஷை நிற்கவைத்து இதை எழுதியது நீர்தானா என்று கேட்கவைத்தார். அந்தத் திணறல்தான் மொத்தத் தமிழ்நாட்டுக்கும் மனப்பாடம். 'மண்டபத்துல யாரோ எழுதிக் கொடுத்தது' என்றால் அடுத்தவன் சரக்கு என்று எல்லோருக்கும் புரிகிறது. நக்கீரர் அங்கே நடத்தியது ஒரு வைவா. குறுந்தொகையில் அந்தப் பாட்டு இன்றும் இறையனார் பெயரில்தான் இருக்கிறது. பொற்கிழிக்கு ஆசைப்பட்டவன் பெயரில் இல்லை. தொகுத்தவர்கள் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

*

சரி, நடுவில் என்ன நடந்தது? தேர்வு நடந்தது.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரி. பாடம் நடத்துவது கல்லூரியின் வேலை, பல்கலைக்கழகத்தின் வேலை தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது. திருச்சிக்கு 1883-ல் நாகப்பட்டினத்திலிருந்து செயின்ட் ஜோசப் கல்லூரி இடம்பெயர்ந்து வந்தது. 1919-ல் நேஷனல் கல்லூரி. இவற்றில் படித்த பையன்களின் விடைத்தாள் முகம் தெரியாத ஒருவரிடம் போகும். மலைக்கோட்டைத் தெருவில் பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து பாடம் கேட்டவனுக்கு, தனக்கு என்ன தெரியும் என்பது ஆசிரியருக்குத் தெரியும் என்று தெரியும். விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். எழுதியவன் தெரியாது. அந்த எழுத்து அவருடைய எதிர்பார்ப்போடு பொருந்தினால் மதிப்பெண்.

பொருந்துவதற்கு ஒரு தொழிலே உருவானது. இங்கேயும் திருச்சிதான் முன்னணி. செயின்ட் ஜோசப்பில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அய்யம்பெருமாள் கோனார் எழுத, தெப்பக்குளத்துப் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் தமிழ் உரை தொடாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. கோனார் உரையைக் கேலி செய்வது ஒரு ஃபேஷன். நான் செய்ய மாட்டேன். வீட்டில் தமிழ் சொல்லித்தர ஆள் இல்லாத லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அது ஆசிரியர். அவர் தன் பெயரைப் போட்டுத்தான் எழுதினார். அதை வரிக்கு வரி எழுதியவனுக்கு முழு மதிப்பெண் போட்டது தேர்வு முறை. 'சொந்த நடையில் எழுது' என்று கேள்வித்தாளில் இருக்கும். சொந்த நடையில் எழுதினால் ரெண்டு மார்க் குறையும். பத்து வயதிலேயே இந்தக் கணக்கு பிடிபட்டுவிடும்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பதினைந்து ஆண்டுகள், அடுத்தவர் வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் திருப்பிக் கொடுப்பதுதான் படிப்பு என்று பழக்குகிறோம். பதினாறாவது ஆண்டு கையில் ஒரு படிவத்தைக் கொடுத்து, 'இது முழுக்க என் சொந்த உழைப்பு' என்று கையெழுத்துப் போடச் சொல்கிறோம்.

*

திருவெறும்பூரில் வளர்ந்தவர்களுக்கு இன்ஜினியரிங் என்பது மதம் மாதிரி. ஒரு பக்கம் பெல் தொழிற்சாலை. இன்னொரு பக்கம் துவாக்குடியில் ஆர்.இ.சி. 1964-ல் தொடங்கியது, 2003-ல் என்.ஐ.டி. ஆனது. அங்கே இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் நெடுஞ்சாலை ஓரம் முளைத்த தனியார் கல்லூரிகளுக்குப் போனோம். நானும் அப்படி ஒன்றில்தான் பி.இ. முடித்தேன்.

கடைசி செமஸ்டரில் புராஜெக்ட். ஊரில் புராஜெக்ட் சென்டர்கள் உண்டு. எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் அங்கேதான் போனார்கள். உள்ளே போனால் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு தலைப்புப் பட்டியல் தருவார்கள், கல்யாண மண்டப மெனு மாதிரி. ஐ.ஈ.ஈ.ஈ. கட்டுரைகளின் தலைப்புகள், ஆண்டுவாரியாக. ஜாவா ஒரு விலை, டாட்நெட் ஒரு விலை, ஹார்டுவேர் இருந்தால் கூட. நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு மாத மெஸ் பில் அளவு வரும். நண்பர்களோடு துணைக்குப் போயிருந்தபோது அங்கிருந்த அண்ணன் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது.

"தலைப்பை மட்டும் பாத்து எடுத்துக்கங்க தம்பி. கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் நம்ம பொறுப்பு. வைவாவுக்கு முந்தின நாள் வந்தீங்கன்னா ரெண்டு மணி நேரம் எக்ஸ்பிளநேஷன் கிளாஸ் எடுத்துருவோம்."

அவரும் பி.இ.தான். ரெண்டு வருஷம் சென்னையில் வேலை தேடிவிட்டுத் திரும்பியவர். அந்த அறையில் நிஜமாகவே இன்ஜினியரிங் செய்துகொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. நூற்றுக்கணக்கான பட்டங்களுக்கு அவர் எழுதினார். எதிலும் அவர் பெயர் இல்லை. தேவராசப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தவரின் பெயரையாவது எழுதி வைக்க ஓர் உ.வே.சா. வந்தார்.

கல்லூரிக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஒரு ஆசிரியருக்குப் பதினைந்து குழு, கையில் நாக் வேலை, தேர்வு வேலை, அட்மிஷன் சீசனில் ஊர் ஊராகப் போய் ஆள் பிடிக்கும் வேலை. நாலு மாதம் ஒரு குழுவோடு உட்கார அவருக்கு ஏது நேரம்? எல்லோரும் எல்லோரையும் காப்பாற்றிக்கொள்ளும் ஒரு ஏற்பாடு.

*

இந்தியாவில் இந்த விவகாரம் தேசிய அவமானமாக வெடித்தது மாணவர்களால் அல்ல. நைனிதாலில் உள்ள குமாவுன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் தன் மாணவரோடு சேர்ந்து 2002-ல் வெளியிட்ட இயற்பியல் கட்டுரை, ஸ்டான்ஃபோர்டின் ரெனாட்டா காலோஷ் 1996-ல் எழுதியதன் நகல் என்று தெரியவந்தது. நோபல் பரிசு பெற்றவர்கள் உள்ளிட்ட ஸ்டான்ஃபோர்டு இயற்பியலாளர்கள் குடியரசுத் தலைவருக்கே கடிதம் எழுதினார்கள். அப்போது குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். செயின்ட் ஜோசப்பில் இயற்பியல் படித்தவர். விசாரணை நடந்தது, 2003 பிப்ரவரியில் துணைவேந்தர் பதவி விலகினார்.

2008-ல் திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஒருவரின் ஏறத்தாழ 70 கட்டுரைகள் திருட்டும் கற்பனையும் என்று வெளிவந்தது. 2011-ல் சி.என்.ஆர். ராவின் பெயர் இருந்த ஒரு கட்டுரையின் முன்னுரையில் சில வரிகள் வேறொரு கட்டுரையில் இருந்தவை என்று தெரிந்து, ஆசிரியர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த வரிகளை எழுதியது மாணவர் என்று விளக்கம் வந்தது. இந்த மூன்றாவது சம்பவம் அளவில் சின்னது, முதல் இரண்டோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனாலும் என் மனதில் அதுதான் ஒட்டிக்கொண்டது. கட்டுரை பாராட்டப்பட்டால் பெரியவர் பெயர் முதலில் வரும். வரி பிடிபட்டால் மாணவர் பெயர் முதலில் வருகிறது.

பல்கலைக்கழக மானியக் குழு மெதுவாக நகர்ந்தது. 2009-ல் ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்றது. காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்கா தளத்தில் அவை சேர ஆரம்பித்தன. நூலக அலமாரியில் கரையான் மட்டும் படித்த ஆய்வேடுகளை முதல்முறையாக யாரும் படிக்கலாம் என்று ஆனது. இதுவரை எடுத்த நடவடிக்கைகளில் இதுதான் பெரியது என்பேன். 2018-ல் கல்வி நேர்மை பற்றிய ஒழுங்குமுறை வந்தது. ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. புகாரைத் துறை அளவில் ஒரு குழு விசாரிக்கும், அதன் பரிந்துரையை நிறுவன அளவில் இன்னொரு குழு பார்க்கும். 2019-ல் பல்கலைக்கழகங்களுக்கு மென்பொருளும் கிடைத்தது. முதலில் ஸ்வீடனின் உர்குண்ட், பிறகு ட்ரில்பிட்.

அந்த ஒழுங்குமுறையை நான் வரி வரியாகப் படித்தேன். வரையறைகள் உள்ள பகுதியில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்கான எழுத்துக்கும் வெளியீடுகளுக்கும்தான் இது பொருந்தும். அசைன்மென்ட், புராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் எல்லாம் வெளியே.

அதாவது எங்கள் ஊர் அண்ணன் செய்த எதுவும் இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு இல்லை. பழக்கம் தொடங்கும் இடத்தை விட்டுவிட்டு, பழக்கம் முற்றிய இடத்தில் சதவீதம் போட்டு நிற்கிறோம்.

*

சதவீதம் எப்படி வருகிறது என்பதை மென்பொருள்காரனாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1994-ல் அலெக்ஸ் ஐக்கன், மாஸ் என்ற கருவியை எழுதினார். மாணவர்களின் புரோகிராம்களை ஒப்பிட. அதன் உள்ளே இருக்கும் வழிமுறை 2003-ல் 'வின்னோயிங்' என்ற பெயரில் கட்டுரையாக வந்தது. புடைத்தல் என்று அழகாகத் தமிழில் சொல்லலாம். எழுத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்படி வெட்டுகிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். எல்லா எண்ணையும் வைத்திருந்தால் இடம் போதாது, அதனால் முறத்தில் புடைப்பதுபோல் ஒவ்வொரு சன்னலிலும் சிறிய எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறோம். இரண்டு ஆவணங்களில் ஒரே எண்கள் நிறைய வந்தால் மணி அடிக்கும். அவ்வளவுதான். கருவி கண்டுபிடிப்பது ஒற்றுமையை. திருட்டா இல்லையா என்பது மனிதர் உட்கார்ந்து படித்துத்தான் சொல்ல வேண்டும். ஐக்கனும் இதைத்தான் சொல்லிவந்தார்.

தமிழுக்கு வந்தால் கதை இன்னும் மோசம். பழைய தமிழ் ஆய்வேடுகள் பல ஸ்கேன் படங்கள். படமாக இல்லாதவற்றில் நிறைய பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. திரையில் தமிழாகத் தெரியும், கணினிக்கு உள்ளே ரோமன் எழுத்துகளின் குப்பை. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றதே 2010-ல்தான். 2005-ல் வந்த ஓர் ஆய்வேட்டை இன்று அப்படியே ஒருங்குறியில் தட்டி எடுத்தால், இயந்திரம் அதைப் புத்தம் புதிதென்று சொல்ல வாய்ப்பு அதிகம்.

ஒழுங்குமுறை, தொடர்ச்சியாகப் பதினான்கு சொல் வரை தற்செயலாகப் பொருந்தினால் கணக்கில் எடுக்க வேண்டாம் என்கிறது. ஆங்கிலத்தை மனதில் வைத்துப் போட்ட எண். 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது தமிழில் ஒரு சொல். நம் பதினான்கு சொல்லில் ஒரு பத்தியே அடங்கிவிடும். போதாததற்கு 'எழுதிக் கொடுத்தது' என்பதைச் சேர்த்து எழுதினால் ஒரு சொல், பிரித்து எழுதினால் இரண்டு. சந்தி பார்த்துப் பிரிக்கும் புலவர் ஒருவர் கருவிக்குள் உட்கார்ந்தால் ஒழிய இது தீராது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த எண்களுக்கே அர்த்தம் குறைந்துவிட்டது. அது பெரும்பாலும் எங்கிருந்தும் நகல் எடுப்பதில்லை, புதிதாகவே எழுதுகிறது. ஒற்றுமை பெரும்பாலும் மிகக் குறைவு. மண்டபத்தில் எழுதிக் கொடுக்க இனி ஓர் அண்ணன்கூடத் தேவையில்லை.

அலுவலகத்தில் புதியவர்களை நேர்காணல் செய்வது என் வேலையில் ஒரு பகுதி. எங்கள் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் ரெஸ்யூமேயில் இருந்த புராஜெக்டைப் படித்ததுமே புரிந்தது. அதே தலைப்பு, அதே எழுத்துப்பிழையோடு, அதற்கு முந்தைய வாரம் வேறொருவர் கொண்டுவந்திருந்தார். தலைப்பை விட்டுவிட்டு, "இதுல எது சரியா ஓடல?" என்று கேட்டேன். முந்தைய வாரம் வந்தவர் எல்லாமே ஓடியது என்றிருந்தார். இந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார்.

"சார், வாங்கினப்ப டேட்டாபேஸ் கனெக்‌ஷனே ஆகல. அந்த அண்ணா போன் எடுக்கல. நாலு நாள் உக்காந்து நானே சரி பண்ணேன்."

என்ன சரி செய்தார் என்று இருபது நிமிடம் போர்டில் எழுதிக் காட்டினார். அந்த நாலு நாள் அவருடையது. அதில் சந்தேகமே இல்லை. அவரை எடுத்தோம். வாங்கியதாக நேர்காணலிலேயே ஒப்புக்கொண்டவரை எப்படி எடுக்கலாம் என்று என் சக ஊழியர் ஒருவர் இன்னும் சண்டை போடுகிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதே ரிப்போர்ட்டைக் காட்டி அந்தப் பெண் பட்டம் வாங்கியிருக்கிறார், நிஜமாகச் செய்தவர்களோடு ஒரே வரிசையில் நின்று.

கல்லூரிகள் செய்யக்கூடியது என்று எனக்குத் தெரிந்தது ரொம்பப் பழைய விஷயம்தான். எதிரில் உட்காரவைத்துக் கேட்பது. அதுவும் கடைசி நாளில் இல்லை, வாரா வாரம். புரோகிராம் என்றால் அதன் மாற்றப் பதிவுகளைப் பார்க்கலாம். நாலு மாத வேலை ஒரே இரவில், ஒரே பதிவில் வந்து விழுந்திருந்தால் தெரிந்துவிடும். ஆய்வேடு என்றால் அடித்துத் திருத்திய முதல் வரைவைக் கேட்கலாம். இதற்கு மென்பொருள் வாங்க வேண்டாம். பதினைந்து குழுவுக்கு ஒரு ஆசிரியர் என்பதை ஐந்துக்கு ஒருவர் என்று மாற்ற வேண்டும். காசு அங்கேதான் வேண்டும், அங்கே யாரும் கொடுப்பதில்லை. மென்பொருளுக்குச் சந்தா கட்டுவது அதைவிட மலிவு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்த சென்டர் இருந்த மாடியில் போர்டு மாறியிருக்கிறது. புராஜெக்ட் என்ற சொல் சின்னதாகிவிட்டது. பெரிய எழுத்தில், தீசிஸ் ஒற்றுமை 10 சதவீதத்துக்குக் கீழே குறைத்துத் தரப்படும், ஏ.ஐ. ரிப்போர்ட்டும் சேர்த்து, இரண்டே நாளில்.